போர்மேனுக்குக் காப்பு

தேவிப்பிரியா தினமும் சாயங்காலம் வீடியோ காலில் வருவாள். என்னைப் பார்க்க அல்ல. அதில் எனக்கு வருத்தமும் கிடையாது. வருத்தப்படுகிற மூஞ்சி ஸ்கிரீனில் தெரிந்தால்தானே வருத்தம்.

"டேய் தேவா, போனைக் கொஞ்சம் கீழ எறக்கு. மூக்கு தெரியல."

"என் மூக்கா?"

"அவர் மூக்குடா."

அவர் என்பது ஒரு நாய். செம்பட்டை நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். பெயர் போர்மேன். பெயர் வைத்தது தேவிப்பிரியாவின் அப்பா. ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சர்வீஸ் முழுக்கப் போர்மேன் சொன்னதைக் கேட்டவர், கடைசியில் தான் சொன்னதைக் கேட்கிற ஒரு போர்மேன் வேண்டும் என்று குவார்ட்டர்ஸில் திரிந்த குட்டியைத் தூக்கிவந்து பெயர் வைத்தார். அதுவும் அவர் சொன்னதைக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து உடுமலைப்பேட்டைக்குப் போய்விட்டார். அங்கே பெரியப்பா வீடு முழுக்க ஆடு, நாய்க்கு இடமில்லை. தேவிப்பிரியாவுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. அங்கே லேடீஸ் ஹாஸ்டல். அதிலும் நாய்க்கு இடமில்லை. மிச்சமிருந்த இடம் திருமுல்லைவாயிலில் எங்கள் வீடு. காதலிக்கிறேன் என்று நான் சொன்னபோது யோசிக்க டைம் கேட்டவள், நாயை வைத்துக்கொள்கிறாயா என்று கேட்டபோது எனக்கு டைம் தரவில்லை.

அவர்கள் வீட்டில் கோயம்புத்தூர்ப் பக்கத்து மரியாதை. தொட்டில் குழந்தையைக்கூட வாங்க, போங்க என்பார்கள். நாய்க்கும் அதே. "சாப்டீங்களா? மழைல நனைஞ்சீங்களா? தேவா உங்களை நல்லாப் பாத்துக்கறானா?" என்று ஓசூரிலிருந்து விசாரணை நடக்கும். என்னோடு மட்டும் அவள் பழகியது ஆவடி காலேஜ் பஸ்ஸில் என்பதால் எனக்கு ஆவடி மரியாதை.

விசாரணை முடிந்ததும் விளையாட்டு. நான் ஒரு கையில் பிஸ்கட்டை மறைத்து இரண்டு கையையும் மூடி நீட்ட வேண்டும். எந்தக் கை என்று நாய் முகர்ந்து சொல்வதற்குள் அவள் சொல்ல வேண்டும். நாய் சரியாகச் சொன்னால் பிஸ்கட் நாய்க்கு. அவள் சரியாகச் சொன்னாலும் பிஸ்கட் நாய்க்கு. நான் ஜெயிக்க இந்த விளையாட்டில் வழியே வைக்கப்படவில்லை. இரண்டு கையையும் நீட்டிவிட்டதால் போனை வாயில் கவ்விக்கொண்டு நிற்பேன். நாய் உட்கார்ந்திருக்க, நான் கவ்விக்கொண்டு நிற்பதை என் அம்மா சொர்ணம் ஒருநாள் பார்த்துவிட்டு அப்படியே உள்ளே போனாள்.

அப்புறம் சங்கு. தொழிற்சாலை சங்கு ஊதுகிற மாதிரி தேவிப்பிரியா "ஊஊ" என்பாள். போர்மேன் ஷிப்டுக்குக் கிளம்புகிறவன்போல எழுந்து, கழுத்தைத் தூக்கி ஊளையிடும். இருவரும் டூயட் பாடி முடித்ததும் அது என் காலில் தலை வைத்துத் தூங்கும்.

"தூங்கிட்டாரா?"

"தூங்கிட்டான்."

"சரிடா, வைக்கிறேன்."

இதுதான் நாங்கள் காதலிக்கிற முறை. ஒருநாள் சோதித்துப் பார்க்கலாம் என்று நாயைக் கொல்லையில் கட்டிவிட்டு, தலை சீவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனை எடுத்தேன்.

"அவர் எங்க?"

"வெளிய போயிருக்கான்."

"ஓ. அப்ப வந்ததும் சொல்லு, பண்றேன்."

சட்டையைக் கழற்றி மாட்டினேன்.

இப்படி இருக்கையில்தான் அந்தச் செய்தி வந்தது. "டேய், ஓசூர்ல வீடு பாத்துட்டேன். ஓனரம்மா நாய் இருந்தா பரவால்லன்னுட்டாங்க. ஞாயித்துக்கெழமை வந்து அவரைக் கூட்டிட்டு வந்துடறேன். அடுத்த வாரத்துலேர்ந்து எனக்கு நைட் ஷிப்ட், அப்புறம் லீவு கெடைக்காது. அஸ்வின் கார்லதான் வரேன். நான் கார் ஓட்டக் கத்துக்கிட்டேன், தெரியுமா?"

யார் கற்றுக்கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. அஸ்வின் அவள் ஆபீஸ். ஆரம்பத்தில் 'ஆபீஸ்ல ஒருத்தர்' என்று இருந்தவர் பிறகு 'அஸ்வின் சார்' ஆகி, இப்போது வெறும் அஸ்வின். பெயர் சுருங்கச் சுருங்க என் வயிற்றில் எரிகிற இடம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"அப்புறம் இன்னொரு விஷயம்" என்றாள்.

"சார்ஜ் இல்ல" என்று வைத்துவிட்டேன். சார்ஜ் முழுசாக இருந்தது.

ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் என் நண்பன் வினோத் இந்த வழக்கை ஒரு வடை தின்று முடிப்பதற்குள் தீர்த்துவைத்தான்.

"மாமே, நாய் கீற வரிக்கும் தான் நீ கீற. அது கெளம்பிடுச்சினு வெய்யி, நீ யாரு? ரீசார்ஜ் பண்ணாத சிம்மு. அவ இன்னாத்துக்கு உன்ன கூப்பட போறா? உன் மூஞ்ச பாக்கவா?"

"ஏன், மூஞ்சிக்கு இன்னா?"

"நான் ஒண்ணியும் சொல்லல. நாய் மூஞ்சி பக்கத்துல வெச்சிப் பாத்தேன், அவ்ளோதான்."

"சரி, இப்ப இன்னா பண்ண சொல்ற?"

"நாய போக வுடாத."

நாயைப் போகவிடாமல் தடுப்பதென்றால் எப்படி? வாசலில் படுத்து மறியல் செய்தால் அவள் தாண்டிப் போய்விடுவாள். யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தபோது எங்கள் தெரு அம்மன் கோவிலில் மைக் செட் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆடித் திருவிழா. அன்று சாயங்காலம் காப்புக் கட்டு.

எங்கள் ஊரில் காப்புக் கட்டுவது விளையாட்டு இல்லை. மஞ்சள் நூலில் ஒரு மஞ்சள் கிழங்கு, ஒரு வேப்பிலை. அதை மணிக்கட்டில் கட்டிவிட்டால் பத்தாம் நாள் தீமிதி முடிகிறவரை ஊர் எல்லைக்குள்தான் ராத்தங்க வேண்டும். பகலில் வெளியே போகலாம், பொழுது சாய்ந்தால் திரும்பிவிட வேண்டும். மீறினால் ஆத்தா அம்மை வார்த்துவிடுவாள். சந்திரனுக்கு ராக்கெட் விடுகிற காலத்தில் இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்கலாம். நான் நம்புகிறேனா என்பது முக்கியமில்லை. தேவிப்பிரியா மாங்காட்டு அம்மனுக்கு எலுமிச்சம்பழம் வைத்து எழுதித்தான் டிகிரி பாஸானவள்.

போர்மேனைக் குளிப்பாட்டி, சங்கிலியில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். பூசாரி நாகேந்திரன் அண்ணன் மற்ற நாளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். திருவிழா என்றால் லீவு போட்டுவிட்டு மஞ்சள் வேட்டிக்கு மாறுவார்.

"இன்னாடா தேவா, நாய இஸ்துகினு கோவிலாண்ட வந்துகீற?"

"காப்பு கட்டணும்ண்ணே."

"உனுக்கா? பரவால்லியே."

"எனுக்கு இல்ல. இதுக்கு."

நாகேந்திரன் நூலைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "டேய், நாய்க்கு காப்பு கட்ன பூசாரினு என் மூஞ்ச போன்ல சுத்த வுடப் பாக்கிறியா?"

"வேண்டுதல்ண்ணே" என்றேன். அது உண்மைதான். என்ன வேண்டினேன் என்று அவர் கேட்கவில்லை.

பின்னாலிருந்த பெண்கள் எனக்கு வக்கீலானார்கள். "வாயில்லா ஜீவன் நைனா, கட்டேன். அதுக்கும் அவ தான ஆத்தா?" வரிசை நீண்டுகொண்டே போனதால் நாகேந்திரன் இறங்கிவந்தார்.

"சரி. ஆனா நோம்பு இன்னா, வெரதம் இன்னான்னு நாய்க்கு எப்டி தெரியும்? ஊட்ல ஒரு ஆளு கட்டிகினா தான் கூட அதுக்கும் கட்டுவேன். நீ கைய நீட்டு."

நீட்டினேன். நான் எங்கே போகப் போகிறேன்? எனக்கு ஓசூரில் யார் வீடு பார்த்து வைத்திருக்கிறார்கள்? என் மணிக்கட்டில் ஒன்று, போர்மேன் கழுத்தில் ஒன்று. கோவில் கொம்பு ஊதியதைத் தொழிற்சாலைச் சங்கு என்று நினைத்துப் போர்மேன் ஓர் ஊளை விட, நாலைந்து பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அம்மா என் மணிக்கட்டைப் பார்த்து அழுதாள். "அரியர் வெச்சப்பவே வேண்டிகினேன், இவனுக்கு புத்தி வரணும்னு. வந்துச்சு பாரு" என்று முத்தாபுதுப்பேட்டை சித்தி முதற்கொண்டு எல்லோருக்கும் போன் போட்டாள். நாய்க்கும் எனக்கும் ஒரே மாதிரி தயிர்ச் சோறு. நாய் மறுநாளே யார் வீட்டிலிருந்தோ மத்தி மீன் தலையோடு வந்து நின்றது. அம்மா தெருவைப் பார்த்துவிட்டு, முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுபோய்க் கொட்டினாள். நான் வாசனை பிடித்தால் மட்டும் கரண்டி பறக்கும்.

தேவிப்பிரியாவிடம் போனில் எதுவும் சொல்லவில்லை. கழுத்து தெரியாதபடி போனை மூக்குக்கு நேராகவே பிடித்தேன். மூக்கு நன்றாகத் தெரிகிறது என்று முதல்முறையாகப் பாராட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைக் கார் ஒன்று தெருவுக்குள் வந்து, தண்ணீர்க் குடங்களுக்கு நடுவே ஒரு குடத்தையும் இடிக்காமல் நின்றது. ஓட்டியது தேவிப்பிரியா. நான் இடிப்பாள் என்று எதிர்பார்த்து அம்மாவின் குடத்தைக் கொஞ்சம் முன்னால் வைத்திருந்தேன். நன்றாகத்தான் கற்றுக்கொடுத்திருந்தான்.

கற்றுக்கொடுத்தவன் பக்கத்து சீட்டிலிருந்து இறங்கினான். குறை கண்டுபிடிக்க அஸ்வினின் தலையிலிருந்து ஆரம்பித்தேன். செருப்பு வரை வந்தும் கிடைக்கவில்லை. செருப்பும் நன்றாக இருந்தது. "ஹாய் ப்ரோ, உங்களைப் பத்தி நெறைய சொல்லியிருக்காங்க" என்று கை கொடுத்தான். நல்ல கை.

போர்மேன் தேவிப்பிரியா மேல் பாய்ந்து, மூஞ்சியை நக்கி, சுற்றிச் சுற்றி ஓடி, மறுபடி பாய்ந்தது. "எளைச்சிட்டீங்களா? இல்லைல்ல, நல்லாத்தான் இருக்கீங்க" என்று அவள் தரையில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு ஒரு கையசைப்பு கிடைத்தது.

அது போகட்டும். அடுத்து நடந்ததுதான் பொறுக்கவில்லை. அஸ்வின் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையையும் மூடி நீட்டினான். போர்மேன் இடது கையை முகர்ந்தது. அவன் திறந்தான். பிஸ்கட். ஜெயிக்க முடியாவிட்டாலும் அது என் விளையாட்டு. அதை அவள் அவனுக்குச் சொல்லியிருக்கிறாள். மனைவியின் சமையலை அடுத்த வீட்டுக்காரன் தட்டில் பார்த்தவன்போல நின்றேன்.

அப்போதுதான் தேவிப்பிரியாவின் விரல் கழுத்து நூலில் பட்டது.

"இது என்ன?"

"காப்பு கண்ணு" என்றாள் அம்மா, பெருமையாக. "தீமிதி முடியற வரிக்கும் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது."

"அப்ப இவரைக் கூட்டிட்டுப் போக முடியாதா ஆண்ட்டி? எனக்கு நாளன்னைக்கு நைட் ஷிப்ட் ஆரம்பிக்குது."

"ஆத்தா விஷயம் கண்ணு. நான் இன்னா பண்ணட்டும்?"

நான் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் திட்டம் என் கண்முன்னே வேலை செய்ததை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

தேவிப்பிரியா எழுந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள். "நீயும் கட்டியிருக்க?"

"ஆமா."

"அப்ப நீயும் வர முடியாது?"

"எங்க?"

"ஓசூருக்குத்தான். நீ ரெண்டு நாள் கூட இருந்து வீட்டை செட் பண்ணித் தருவன்னு நெனச்சேன். அன்னைக்கு சொல்ல வந்தேன், சார்ஜ் இல்லன்ன. சரி, நேர்ல சொன்னா சந்தோஷப்படுவன்னு விட்டுட்டேன்."

அஸ்வின் உதவி செய்தான். "ஆமா ப்ரோ. நான் பூந்தமல்லில அக்கா வீட்டுக்கு வந்தவன். இங்கேயே ஒரு வாரம் இருக்கப்போறேன். காரை நீங்க ரெண்டு பேரும் எடுத்துட்டுப் போங்கன்னுதான் சாவியே குடுத்தேன். உங்களுக்காக முன் சீட்டுல ஒண்ணும் வைக்கல, பாருங்க."

பார்த்தேன். முன் சீட் சுத்தமாக, விசாலமாக, எனக்காகவே காலியாக இருந்தது. ஊரில் எந்தப் பூட்டைத் தேடினாலும் இவ்வளவு கச்சிதமாக என்னை நானே பூட்டிக்கொண்டிருக்க முடியாது.

"அண்ணே!" என்று நானே கோவிலுக்கு ஓடி நாகேந்திரனைக் கூட்டிவந்தேன். "இத்த அவுக்க முடியுமாண்ணே?"

"அவுக்கக் கூடாது. மாத்தலாம்" என்றார் அவர். "ஊட்ல சாவு தீட்டு வந்துச்சினா பங்காளி எவனாவது வாங்கி கட்டிக்குவான்ல? அந்த மாரி. ஆனா கட்டிக்கிறவன் எல்லைக்குள்ளயே தங்கணும், கவுச்சி தொடக் கூடாது, தீ மெறிக்கணும்."

வேடிக்கை பார்க்க வந்திருந்த வினோத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவன் நின்ற இடத்தில் பைக் புகை மட்டும் இருந்தது.

"நான் கட்டிக்கலாமா?" என்றான் அஸ்வின்.

"தம்பி, நெருப்புல நடக்கணும்" என்றார் நாகேந்திரன்.

"பரவால்லண்ணா. எப்படியும் ஒரு வாரம் இருக்கப் போறேன். அக்கா வீட்டுல இருக்கறதை இங்க இருக்கேன்."

நல்லவன். இவ்வளவு நல்லவனை வெறுப்பதற்குத் தனியாக உழைக்க வேண்டும்.

"ஒரு ஆளுக்கு ஒரு காப்பு தான்" என்றார் நாகேந்திரன். "யாருக்கு பதிலு கட்டட்டும்? தேவாவுக்கா, நாய்க்கா?"

எல்லோரும் தேவிப்பிரியாவைப் பார்த்தார்கள். நானா நாயா என்பதை இத்தனை மாதமாக நான் மனதுக்குள்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதைப் பூசாரி நடுத்தெருவில் வாய்விட்டுக் கேட்டுவிட்டார். நாய் தன் காதைச் சொறிந்துகொண்டிருந்தது. அதற்குக் கவலை இல்லை. ஜெயிக்கிறவர்கள் அப்படித்தான் இருப்பார்கள்.

"இவருக்கு இதைக் கட்ட யார் கூட்டிட்டு வந்தா?" என்று கேட்டாள் தேவிப்பிரியா.

"நான்தான்."

"எதுக்கு?"

"வேண்டுதல் கண்ணு" என்றாள் அம்மா.

தேவிப்பிரியா என் மூஞ்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. போன் இல்லாமல் அவள் என்னை அவ்வளவு நேரம் பார்த்தது அன்றுதான். பொய் எதுவும் கைவசம் இல்லை.

"நீ அவன கூட்டினு போய்ட்டா, அப்பறம் எனக்கு போன் பண்ண மாட்டன்னு நெனச்சேன்."

"அடப் படுபாவி, இதுக்கா ஆத்தாள இஸ்துவுட்ட?" என்று நாகேந்திரன் தலையில் அடித்துக்கொண்டார். அம்மா சித்திக்குப் போட்ட போனையெல்லாம் எப்படித் திரும்ப வாங்குவது என்று யோசிப்பவள்போல நின்றாள். அஸ்வின் மரியாதையாகக் கார் டயரைப் பார்த்தான்.

தேவிப்பிரியா நாகேந்திரனிடம் திரும்பினாள். "இவன் தெரிஞ்சே கட்டிக்கிட்டான். அவரைக் கேக்காம கட்டியிருக்காங்க. அவருக்கு மாத்துங்கண்ணா."

தீர்ப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. அதுதான் எரிச்சல்.

போர்மேனின் நூலை அவிழ்த்துச் சாமி காலடியில் வைத்துவிட்டு, அஸ்வினின் மணிக்கட்டில் புது நூல் கட்டினார்கள். போர்மேன் முன் சீட்டில் ஏறி, ஜன்னலில் தாடையை வைத்துக்கொண்டது. தேவிப்பிரியா வண்டியை எடுத்தாள். "வரேன் ஆண்ட்டி. அஸ்வின், பாத்து இருங்க" என்றாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. போன் பண்ணுவாயா என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் மானம் போய்விடும். மானத்தை வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்கப் போனைப் பார்த்தபடி கிடந்தேன்.

உள்ளே அஸ்வின் லேப்டாப்பை விரித்து வீட்டிலிருந்து வேலை பார்த்தான். யார் வீடு என்று அவன் கம்பெனி கேட்கவில்லை போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் வேலை பார்க்கிற பிள்ளையை அம்மா வாயைத் திறந்தபடி பார்த்தாள். பிறகு மின்விசிறியை அவன் பக்கம் திருப்பினாள்.

பொழுது இறங்கும்போது போன் அடித்தது. வீடியோ கால். பழக்கதோஷத்தில் எழுந்து நாயைத் தேடிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினேன். பாதி வழியில்தான் நாய் அந்தப் பக்கம் இருப்பது ஞாபகம் வந்தது. நின்று எடுத்தேன்.

தேவிப்பிரியா. பின்னால் ஒரு ரோட்டோர டீக்கடை, லாரிகள். நாய் இல்லை.

"கிருஷ்ணகிரி தாண்டிட்டேன்" என்றாள்.

"அவன் எங்க?"

"கார்ல தூங்கறாரு."

"எழுப்பணுமா?"

"எதுக்கு?"

நாய் இல்லாமல் பேசி எங்கள் இருவருக்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. அவள் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இப்போது வைக்கிறேன் என்பாள் என்று காத்திருந்தேன். அவள் வைக்கவில்லை. முன் மயிரை ஒதுக்கிக்கொண்டாள். கண்ணுக்குக் கீழே அவளுக்கு ஒரு சின்ன மச்சம் இருந்ததை மறந்தே போயிருந்தேன்.

"உன் மேல செம கோவத்துல இருக்கேன்" என்றாள்.

"தெரியும்."

"முன் சீட்டுல உக்காந்து வரவேண்டியவன்டா நீ. வேலூர்ல பிரியாணி, ஆம்பூர்ல இன்னொரு பிரியாணின்னு பிளான் வெச்சிருந்தேன்."

"சொல்லாத. தயிர் சோறு தின்னுகினு கீறேன்."

சிரித்தாள். எங்கள் வீட்டுக்குள்ளிருந்தும் சிரிப்புச் சத்தம் வந்தது.

"யாரு அது சிரிக்கிறது?"

"அஸ்வின். அம்மா அவனுக்குக் கூழ் ஊத்தறாங்க. எனக்கு வெங்காயம் நானே உரிச்சுக்கணும். அவனுக்கு உரிச்சுத் தராங்க."

"பொறாமையா இருக்கா?"

"நெறைய இருக்கு. எதுலேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியல."

பின்னாலிருந்த பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மொதல்லேர்ந்து சொல்லு" என்றாள். "டீ இன்னும் வரல."